மே மாதச் சம்பளமும் எழுதப்படாத ஒப்பந்தமும்

2025 ஏப்ரல் மாதக் கடைசி வேலைநாளன்று, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் என்ற முறையில் ஒரு பதிவேட்டில் கையெழுத்திடுவதற்காக எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியை அறையில் எங்கள் பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மகளின் கல்லூரிப் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போன இடத்தில் ஓராண்டுச் சம்பளச் சான்று கேட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியை எழுதிக் கொடுத்த தாளில் பதினொரு மாதங்களுக்கு நேரே 12,500 என்று வரிசையாக இருந்தது. மே மாதத்துக்கு நேரே ஒரு சிறிய கோடு. "இந்தக் கோடு என்னன்னு பேங்க்ல கேப்பாங்க மேடம்" என்றார் அவர். "நான் என்னன்னு சார் எழுதட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை. கடைசியில் அந்தக் கோட்டின்மேல் "மே மாதம் ஊதியம் இல்லை" என்று எழுதி, பள்ளி முத்திரையை வைத்துக் கொடுத்தார். பதின்மூன்று ஆண்டுகளாக ஒரே பள்ளியில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியரின் வருமானத்துக்கு அரசுப் பள்ளி தரக்கூடிய சான்று அவ்வளவுதான்.

ஜூன் 2ஆம் தேதி பள்ளி திறந்துவிட்டது. அவரும் வந்துவிட்டார். அந்தக் கோடு மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பகுதிநேர ஆசிரியர்கள் என்றால் யார் என்பது பலருக்குச் சரியாகத் தெரிவதில்லை. 2011ஆம் ஆண்டு அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் அறிவித்தபடி, ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை, தோட்டக்கலை போன்ற பாடங்களுக்காக 16,549 பேர் 2012 மார்ச்சில் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்கீழ் பணியமர்த்தப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை என்பது அன்றைய நிபந்தனை. இதன் வேர் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்குக் கலைக்கல்வி, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்று அச்சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. கணக்குக்கும் அறிவியலுக்கும் முழுநேர ஆசிரியர், ஓவியத்துக்கும் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் என்று சட்டம் எழுதப்பட்ட அன்றே இந்த மனிதர்களின் தலையெழுத்தும் பாதி எழுதப்பட்டுவிட்டது என்றே நான் கருதுகிறேன். தனியார் பள்ளிகள் இந்தப் பாடங்களைச் சொல்லித்தான் பெற்றோரிடம் கட்டணம் வாங்குகின்றன. கூலி வேலைக்குப் போகிறவரின் பிள்ளைக்கு மட்டும் இவை உபரி ஆகிவிடுமா?

எங்கள் பள்ளியில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். தமிழ் வாசிக்கத் திணறுவான், கணக்கு வகுப்பில் வாயே திறக்க மாட்டான். ஓவிய ஆசிரியர் வரும் நாளில் மட்டும் காலை மணி அடிப்பதற்கு முன்பே வந்து நிற்பான். அவர் அவனுக்கு நெல் வயலில் தண்ணீர் நிற்பதை எப்படி வரைவது என்று சொல்லிக்கொடுத்ததை ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். "தண்ணியை வரையாதே, தண்ணியில தெரியுற வானத்தை வரை" என்றார். அவன் வரைந்தான். அதற்குக் கீழே ஊர்ப் பெயரையும் எழுதினான். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினான். இந்தப் பாடத்துக்குத் தேர்வு இல்லை, மதிப்பெண் பட்டியலில் இடம் இல்லை. ஆனால் அந்தப் பையன் படிப்பை நிறுத்தாமல் இன்றைக்கும் பள்ளிக்கு வருவதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஊதியம் எப்படி உயர்ந்தது என்பதைப் பாருங்கள். 2012இல் 5,000 ரூபாய், 2014இல் 7,000, 2017இல் 7,700, 2021இல் 10,000, 2024இல் 12,500. இடையில் 700 ரூபாய் மட்டும் உயர்ந்த ஒரு முறையும் உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலுக்குத் திமுக வெளியிட்ட தேர்தல் அறிக்கையின் 181ஆவது வாக்குறுதி இவர்களைப் பணி நிரந்தரம் செய்வதைப் பற்றியது; அது 2025 ஜூன் வரை நிறைவேறவில்லை. அதற்கு முன் பத்தாண்டு ஆண்ட அதிமுகவே இவர்களை நியமித்தது, அதுவும் நிரந்தரம் செய்யவில்லை. ஆகவே ஒரு கட்சியைத் திட்டி இன்னொரு கட்சியைப் பாராட்டும் பதிவாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நியமிக்கப்பட்ட 16,549 பேரில் இன்று எஞ்சியிருப்பவர்கள் ஏறக்குறைய 12,000 பேர். மற்றவர்களில் வேறு வேலைக்குப் போனவர்கள் உண்டு, வயது முடிந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு, இறந்துபோனவர்களும் உண்டு.

மேலே சொன்ன ஐந்து தொகைகளில் ஒன்றுகூட இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி, எழுதி, கையெழுத்திட்டு முடிவானதல்ல. ஒவ்வொன்றும் ஓர் அறிவிப்பாகவே வந்தது. என் மனத்தை உறுத்துவது தொகை குறைவு என்பதைவிட இதுதான். 2023 செப்டம்பர் கடைசியில் சென்னை நுங்கம்பாக்கத்தில், நாம் இன்னமும் டிபிஐ என்றே அழைக்கும் பள்ளிக் கல்வித் துறை வளாகத்தில், பகுதிநேர ஆசிரியர்களும், சம வேலைக்குச் சம ஊதியம் கேட்ட இடைநிலை ஆசிரியர்களும், தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று வேலைக்குக் காத்திருந்தவர்களும் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் 2,500 ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டது. அடுத்து போலீஸ் வந்து அங்கிருந்தவர்களை அப்புறப்படுத்தியது. பேச்சுவார்த்தை என்ற பெயரில் சங்கத் தலைவர்களை அழைத்துக் கோரிக்கைகளைக் கேட்பதும், "முதல்வரின் கவனத்துக்குக் கொண்டு செல்கிறோம்" என்று சொல்லி அனுப்புவதும் வழக்கமாக நடக்கின்றன. ஆனால் என்ன பேசப்பட்டது, எது ஏற்கப்பட்டது, எது எந்தத் தேதிக்குள் நடக்கும் என்பதற்கு ஒரு பக்கத் தாள்கூட இல்லை.

இதே தமிழ்நாட்டில், இதே அரசின்கீழ், வேறு விதமாகவும் நடக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களுக்கு ஊதிய ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. சங்கங்களும் நிர்வாகமும் மேசையின் இரு பக்கத்திலும் உட்கார்ந்து பேசி, இழுபறிக்குப் பிறகாவது கையெழுத்திடுகிறார்கள்; 2025 மே மாத இறுதியில்தான் 15ஆவது ஒப்பந்தம் 6 சதவீத உயர்வோடு கையெழுத்தானது. அதில் தாமதம் உண்டு, நிலுவை பற்றிய மனக்குறை உண்டு, எல்லாச் சங்கங்களும் திருப்தி அடைந்தன என்றும் நான் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு நடத்துநர் அந்தத் தாளைக் காட்டி "இது எனக்குச் சேர வேண்டியது" என்று கேட்க முடியும். ஓவிய ஆசிரியரிடம் காட்டுவதற்கு என்ன தாள் இருக்கிறது? ஆசிரியர்கள் தொழில் தகராறுச் சட்டத்தின்படி "தொழிலாளர்" ஆக மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே, கோவாவைச் சேர்ந்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியை தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. கற்பித்தல் உன்னதமான பணி, அதைத் தொழிலாளர் வேலையோடு ஒப்பிட முடியாது என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பின் அடியில் இருந்தது. மரியாதையான எண்ணம்தான். ஆனால் அதனால் ஆசிரியர் தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் போக முடியாமல், ஒப்பந்த மேசைக்கும் வர முடியாமல் நிற்கிறார்.

நிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர்களுக்கான ஊதியம் இப்போது சமக்ர சிக்‌ஷா எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வருகிறது; அதில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை, அதாவது தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி, 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை அந்த ஆண்டில் ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை. முதல் தவணையான 573 கோடி ரூபாயைக் கேட்டு முதலமைச்சர் பிரதமருக்கு 2024 ஆகஸ்ட்டில் கடிதம் எழுதினார். 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுத்துவிட்டது. இதில் என் நிலைப்பாடு தெளிவானது. ஒரு திட்டத்துக்கான பணத்தை வேறொரு திட்டத்துக்கான கையெழுத்துக்குப் பிணையாக வைப்பது தவறு. அந்தப் பணம் தமிழ்நாட்டு மக்கள் செலுத்திய வரியிலிருந்தும் வந்தது. அது எந்தக் கட்சிக்கும் எதிரான தண்டனையாக மாறி எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தலையில் விழக் கூடாது. மாநில அரசு நீதிமன்றம் போனது சரி என்றே கருதுகிறேன்.

ஆனால் அதைக் காரணம் காட்டி மே மாதச் சம்பளத்தை மறுக்க முடியாது. பணம் தடையில்லாமல் வந்துகொண்டிருந்த ஆண்டுகளிலும் மே மாதம் காலியாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12,000 பேருக்குத் தலா 12,500 ரூபாய் என்றால் ஒரு மாதத்துக்கு 15 கோடி ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்கு மாநில நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கப்பட்டது 46,767 கோடி ரூபாய். நூறு ரூபாய் வைத்திருக்கும் துறைக்கு இந்த மே மாதச் சம்பளம் மூன்று காசு. நிரந்தரப் பணியில் இருக்கும் ஒரு சிறப்பாசிரியரின் அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது; அந்தத் தொகையை 2025 முற்பாதியில் இருந்த 55 சதவீத அகவிலைப்படியோடு பன்னிரண்டு மாதமும் இவர்கள் அத்தனை பேருக்கும் கொடுத்தாலும் ஆண்டுக்கு 460 கோடி ரூபாய்க்குள் முடிந்துவிடும். வீட்டு வாடகைப்படி முதலியவற்றையும் சேர்த்தால் இன்னும் கூடும் என்பது எனக்குத் தெரியும். அப்படிக் கூடினாலும் அது ஒதுக்கீட்டில் ஒரு சதவீதத்தைச் சுற்றியே நிற்கும்.

இதற்கு வரும் மறுப்பும் எனக்குத் தெரியும், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இவர்கள் போட்டித் தேர்வு எழுதி வந்தவர்கள் அல்லர். இவர்களை நிரந்தரம் செய்தால் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்காகப் பல ஆண்டு படித்துக் காத்திருப்பவர்களுக்கு அநீதி ஆகாதா என்று கேட்கிறார்கள். முறைப்படியான தேர்வு இல்லாமல் வந்த தற்காலிக ஊழியர் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று உமாதேவி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னதும் உண்மை. ஆனால் அதே உச்ச நீதிமன்றம் 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தையாவது கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. இவர்கள் அரைநாள் வேலைதானே செய்கிறார்கள் என்று அரசு பதில் சொல்லலாம். அந்த அரைநாள் எதுவரை நீள்கிறது என்பதை எந்த அரசுப் பள்ளியிலும் போய்ப் பாருங்கள். எங்கள் பள்ளியில் எமிஸ் எனப்படும் பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றம், கலைத்திருவிழா ஒத்திகை, விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் கூப்பிடப்படுகிறவர் அவர்தான். இதற்கு நம்மிடம் முன்னுதாரணமும் இருக்கிறது: இதற்கு முன் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் 2006 ஜூன் 1 முதல் நிரந்தர ஊழியருக்குரிய காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அன்று அரசு மனம் வைத்தது, நடந்தது. காத்திருக்கும் பட்டதாரிகளுக்குப் புதிய பணியிடங்களை உருவாக்குவதும் அரசின் கடமைதான். ஒருவர் வயிற்றில் அடித்து இன்னொருவருக்குச் சோறு போட வேண்டிய நிலையில் தமிழ்நாடு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் இருக்கும் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் போனால், "இது எங்க கையில இல்லைங்க, மாநிலத் திட்ட இயக்ககத்துல கேளுங்க" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் அல்ல. அங்கே போனால் கொள்கை முடிவு என்கிறார்கள். கொள்கை முடிவு எடுப்பவர்களைக் கேட்டால் டெல்லியிலிருந்து நிதி வரவில்லை என்கிறார்கள். இவர்களை நேர்காணல் நடத்தி நியமித்தது மாவட்ட அளவில். வேலை வாங்குவது ஊர்ப் பள்ளியில். ஆனால் குறையைக் கேட்டு முடிவு சொல்ல மாவட்டத்தில் ஒருவர்கூட இல்லை. ஒரு நாள் கூலிக்குச் சமமான தொகையைப் பேருந்துக்குச் செலவழித்துச் சென்னைக்குப் போய், வெயிலில் உட்கார்ந்து, மாலையில் ஒரு திருமண மண்டபத்தில் அடைக்கப்பட்டு, இரவு விடுவிக்கப்பட்டுத் திரும்பி வந்தவர்தான் மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு முன்னால் வண்ணக்குச்சிகளோடு நிற்கிறார். குறை கேட்கும் அதிகாரத்தை மாவட்டத்துக்குக் கொடுப்பதற்கு டெல்லியின் அனுமதி எதுவும் தேவையில்லை.

ஆகவே நான் கேட்பது இன்னோர் அறிவிப்பை அல்ல. அரசும் பகுதிநேர ஆசிரியர் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வரட்டும். அதில் முதல் வரியாக மே மாத ஊதியம் இருக்கட்டும். வருங்கால வைப்பு நிதியும் மகப்பேறு விடுப்பும் பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கான உதவியும் இருக்கட்டும். பணி நிரந்தரத்தை ஒரே நாளில் செய்ய முடியாது என்றால், பணிமூப்பின்படி இத்தனை பேர் இந்த ஆண்டு, இத்தனை பேர் அடுத்த ஆண்டு என்று தேதி போட்டு எழுதட்டும். ஒன்றிய அரசின் பங்கு வந்தாலும் வராவிட்டாலும் மாத ஊதியம் நிற்காது, மாநில நிதியிலிருந்து முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஈடுசெய்துகொள்ளப்படும் என்பதையும் அதில் சேர்க்கட்டும். 48 வயதுக்காரருக்கு ஓய்வு பெறும் வயதான 60 வரை இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. 58 வயதுக்காரருக்கு இரண்டே ஆண்டுகள். தேதி இல்லாத வாக்குறுதி அந்த இரண்டாமவருக்கு எதற்கும் பயன்படாது.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே வைக்கப் போகிறேன். தீர்மானம் எழுதிவிட்டேன், தலைமையாசிரியையிடம் காட்டியும் விட்டேன். மே மாத ஊதியம், எழுத்துப்பூர்வமான உடன்பாடு, குறைகளைக் கேட்க மாவட்ட அளவில் ஓர் அலுவலர் என்று மூன்றே கோரிக்கைகள். தீர்மானம் நிறைவேறினால் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் நகல் போகும். இதைப் படிக்கும் யாராவது உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருந்தால், அதன் வாசகத்தை உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன். ஊர்ப் பெயரையும் பள்ளியின் பெயரையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.