பன்னிரண்டு வயதில் கிடைத்த சாப்பாடு

சியா கொலிசியைப் பற்றி மறுபடியும் ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. செங்கல்லைக் கார் என்று நினைத்து விளையாடிய ஏழைச் சிறுவன், தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் கேப்டனாகி உலகக் கோப்பையைத் தூக்கினான், மனம் வைத்தால் யாராலும் முடியும் என்று. எனக்கு கொலிசியை அவ்வளவு பிடிக்கும். அதனாலேயே இந்தப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. கதையின் முக்கியமான பகுதியை அது அப்படியே விழுங்கிவிடுகிறது.

அவர் பிறந்தது 1991 ஜூன் 16. ஊர் போர்ட் எலிசபெத், அதாவது இன்றைய கெபெர்ஹா. அதன் ஓரத்தில் கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்திருந்த ஸ்வீடே குடியிருப்பு. பெற்றோர் இருவரும் பள்ளி வயது தாண்டாதவர்கள். வளர்த்தது அப்பாவைப் பெற்ற பாட்டி. தூங்கியது முன்னறைத் தரையில் பரப்பிய மெத்தைத் துண்டுகளின் மேல். பசித்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர். ஒரு தேர்வு ஆட்டத்துக்கு ரக்பி கால்சட்டை இல்லாமல் உள்ளாடையோடு போய் ஆடினார். இதெல்லாம் அவரே பல முறை சொன்னவைதான்.

பன்னிரண்டு வயதில், மோசல் பேயில் நடந்த சிறுவர் போட்டி ஒன்றில் கிரே பள்ளிக்காரர்கள் அவரைக் கவனிக்கிறார்கள். முழு உதவித்தொகை தருகிறார்கள். கிரே என்றால் 1856இல் தொடங்கிய பழைய பள்ளி, பரந்த புல் மைதானங்கள், முழுநேரப் பயிற்சியாளர்கள். போன புதிதில் அவருக்கு ஆங்கிலம் வராது. வகுப்பு நண்பன் ஒருவன்தான் கூட இருந்து பழக்கிவிட்டான். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அங்கே தினமும் வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்தது.

ரக்பி பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கொலிசி ஆடுவது பிளாங்கர் இடம். ஸ்க்ரம், அதாவது இரு அணி ஆட்களும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் கூட்டம், பிரிந்த அடுத்த நொடி பந்தை நோக்கி ஓட வேண்டும், நூறு கிலோ ஆட்களை இடுப்புக்குக் கீழே பிடித்துச் சாய்க்க வேண்டும், எழுந்து மறுபடி ஓட வேண்டும். எண்பது நிமிடமும் இதே வேலை. அதைத் தாங்குகிற எலும்பும் தசையும் பதினெட்டு வயதில் ஜிம்முக்குப் போனால் மட்டும் வந்துவிடாது. வளர்கிற வயதில் தட்டில் என்ன விழுந்தது என்பதில் இருக்கிறது அது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2019 தொடக்கத்தில் ஒரு பேட்டியில் கொலிசியே இந்தப் பொருள்படச் சொன்னார்: அந்தப் பள்ளிக்குப் போகாமல் இருந்திருந்தால் தான் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவும் முடியாது, ஒழுங்காக வளர்ந்திருக்கவும் முடியாது என்று. தேசிய அணியில் இன ஒதுக்கீடு பற்றி அதே பேட்டியில் சொன்னதுதான் சர்ச்சையானது. சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 2011இல் வெஸ்டர்ன் பிராவின்ஸ் மாகாண அணி, 2012இல் ஸ்டார்மர்ஸ் தொழில்முறை அணி. 2013 ஜூன் 15 அன்று நெல்ஸ்புரூட்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம். ஐந்தாவது நிமிடத்திலேயே அர்னோ போத்தா காயப்பட்டு வெளியேற, பெஞ்சில் இருந்த கொலிசி உள்ளே வருகிறார். ஆட்ட நாயகன் விருதோடு திரும்புகிறார். மறுநாள்தான் அவருக்கு 22 வயது. அதற்குப் பிறகு சில வருடங்கள் பெரும்பாலும் மாற்று வீரராகத்தான் காத்திருந்தார். ஆனால் காத்திருக்க அவருக்கு வயது இருந்தது. 2018இல் கேப்டன் ஆனபோதும் 26தான்.

இப்போது கொலிசியோடு தேசிய அணியில் ஆடிய மகாசோலே மபிம்பியைப் பாருங்கள். அதே ஈஸ்டர்ன் கேப் மாகாணம், கொலிசியைவிட ஒரு வயதுதான் மூத்தவர். கிராமத்துப் பையன், பள்ளிக்குப் பல கிலோமீட்டர் நடை. தாய், சகோதரி, சகோதரன் என்று ஒவ்வொருவராக இழந்தவர். எந்தப் பெரிய பள்ளியும் அவரைத் தேடி வரவில்லை. உள்ளூர்க் கிளப்புகளில் ஆடி ஆடி, தேசிய அணிக்கு வந்தபோது அவருக்கு 27. திறமையில் குறையா, உழைப்பில் குறையா? இரண்டும் இல்லை. கொலிசி 21 வயதில் தொட்ட இடத்தை மபிம்பி தொட ஆறு வருடம் கூடுதலாக ஆனது. தொழில்முறை ரக்பியில் ஆறு வருடம் என்பது ஒருவருடைய ஆட்ட வாழ்க்கையில் பாதி.

அதனால்தான் "உழைத்தால் முடியும்" என்று ஒரே வரியில் முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்வீடேயில் உழைக்காத பையன்கள் யார்? கொலிசிக்கும் இது நன்றாகத் தெரியும். 2020 பொதுமுடக்கத்தின்போது அவர் அறக்கட்டளை இறங்கிச் செய்த வேலைகளில் ஒன்று வீடுகளுக்கு உணவு கொடுத்தது.

2019 உலகக் கோப்பையின்போது ஜெர்சி எண்ணுக்குள் அவரவர் குடும்பத்தினர் படங்களைப் பதிக்க, வீரர்களிடம் புகைப்படம் கேட்டார்கள். மபிம்பி கொடுத்ததெல்லாம் தன்னுடைய படங்கள். பயிற்சியாளர் ராசி எராஸ்மஸ் ஏன் என்று கேட்டபோது, தனக்கு வேறு யாரும் இல்லை என்றார்.

அதே உலகக் கோப்பையின் யோகோஹாமா இறுதிப் போட்டியில் வரும் ஒரு காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. இடது ஓரத்தில் மபிம்பி ஓடி வந்து பந்தை எதிரணியின் தலைக்கு மேல் உதைக்கிறார். லுகான்யோ ஆம் அதைப் பிடித்து, தானே போகாமல், பார்க்காமலேயே பக்கவாட்டில் திருப்பிக் கொடுக்கிறார். மபிம்பி கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைக்கிறார். உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஒன்றில் தென்னாப்பிரிக்கா போட்ட முதல் டிரை, அதாவது இப்படிக் கோட்டைக் கடந்து பந்தை வைத்துப் புள்ளி எடுப்பது, அதுதான்.