அந்த டி-ஷர்ட்டுக்குக் கொடுத்த காசு யாருக்குப் போனது?

“மூணு பாட்டு பேரைச் சொல்லு பார்ப்போம்!”

பேண்ட் (இசைக்குழு) டி-ஷர்ட் போட்டு ஹெவி மெட்டல் நிகழ்ச்சிக்கு வரும் பெண்களை, உண்மையான ரசிகைதானா என்று சோதிக்கும் இந்தக் கேள்வியால் இன்னும் எத்தனை காலம் வாசலிலேயே மறிப்பீர்கள்? காதில் விழும் எனக்கே சலித்துவிட்டது. பதில் சொல்லும் அவர்களுக்கு எப்படி இருக்கும்? சமீபத்தில் பெங்களூரில் ஒரு நிகழ்ச்சி. ‘டெத்’ என்ற அமெரிக்க பேண்டின் டி-ஷர்ட் போட்டு வந்த ஒரு கல்லூரிப் பெண்ணை ஒருவன் பிடித்துக்கொண்டான். அவள் பாட்டுப் பெயர்களைச் சொன்னாள். போதவில்லை. டிரம்மர் யார் என்று கேட்டான். ‘டெத்’தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், எந்த ஆல்பத்து டிரம்மர் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்கு அவனிடம் பதில் இல்லை. “எல்லாம் கூகுள் பண்ணிட்டு வந்துடறாங்க” என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

அவன் போட்டிருந்ததும் ‘டெத்’ டி-ஷர்ட்தான். 1991-இல் வந்த ‘ஹ்யூமன்’ ஆல்பத்தின் அட்டைப்படம். அதற்கு மேலே தலைகீழ்ச் சிலுவை வைத்த பழைய லோகோ! அந்த ஆல்பத்துக்கு முன்னால்தான் பேண்டின் தலைவர் சக் ஷுல்டினர் லோகோவைச் சுத்தம் செய்து, தலைகீழ்ச் சிலுவையை எடுத்துவிட்டுச் சாதாரண ‘T’ எழுத்தாக மாற்றினார். மதச் சாயம் விழ வேண்டாம் என்று அவரே எடுத்த முடிவு அது. 2001-இல் அந்த மனிதர் இறந்துவிட்டார். யாரோ ஒருவன் இணையத்திலிருந்து ஒரு படத்தையும் இன்னோர் இடத்திலிருந்து ஒரு லோகோவையும் உருவி ஒட்டி விற்றிருக்கிறான். அதை வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்பவன்தான் அடுத்தவருக்குத் தேர்வு வைக்கிறான்.

நான் திருப்பூர்க்காரன். டி-ஷர்ட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, நாலடி தள்ளி நின்றாலே தெரியும். மார்பில் பிளாஸ்டிக் தாள் ஒட்டினது போலப் பளபளக்கும் டிடிஎஃப் பிரிண்ட், அதாவது படத்தை ஃபிலிமில் அச்சடித்துச் சூடு வைத்துத் துணியில் ஒட்டுவது. நாலு துவைப்பில் வெடித்துவிடும். ஓவியத்தின் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும், ஏனென்றால் அது போனில் சேமித்த சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியது. பின்பக்கம் ஒரு டூர் பட்டியல் இருந்தால் அதில் ஊர்ப்பெயர்கள் எழுத்துப் பிழையோடு இருக்கும். இதில் எனக்கு வயிறு எரிவது, இவற்றில் கொஞ்சம் எங்கள் ஊர்ப் பட்டறைகளிலேயே அடித்து மூட்டையாகப் போவதுதான். உலகத்துக்கே நேர்மையாகத் துணி தைத்துக் கொடுக்கும் ஊர் இது. அடிக்கிற தொழிலாளி மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு வருவது பீஸ் ரேட். டிசைன் யாருடையது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. ஃபைலை அனுப்பி ஆர்டர் கொடுக்கிறவனுக்குத் தெரியும். அவன் பல நேரம் தன்னையே ‘ட்ரூ மெட்டல்ஹெட்’ (உண்மையான மெட்டல் ரசிகன்) என்று சொல்லிக்கொள்கிறவன்.

“மெட்டாலிகாவுக்கும் அயர்ன் மெய்டனுக்கும் என்னப்பா நஷ்டம்?” என்று கேட்பார்கள். சரி, அவர்களை விடுங்கள். அரங்கங்களை நிரப்புகிறவர்கள், அவர்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். நான் பேசுவது நூறு பேர் வரும் கூடத்தில் வாசிக்கும் பேண்டைப் பற்றி. டிரம் செட்டைத் தானே சுமந்து வந்து, தானே மாட்டி, வாசித்து முடித்து வேர்வை காய்வதற்குள் மெர்ச் (பேண்டின் டி-ஷர்ட், பேட்ச் போன்ற விற்பனைப் பொருட்கள்) மேசைக்குப் பின்னால் வந்து நிற்கிறவர்களைப் பற்றி. அவர்களுக்குப் பாட்டிலிருந்து என்ன வருகிறது? ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு விதி: ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஒரு பைசாகூடக் கிடையாது. பெரிய நிறுவனங்களின் ஆதரவில்லாத அண்டர்கிரவுண்ட் பேண்ட்களின் எத்தனையோ பாட்டுகள் இந்த வாசலிலேயே நின்றுபோகும். டிக்கெட் பணம் கூடத்து வாடகைக்கும் சவுண்டுக்கும் போய்விடும். வேன் வாடகை, பெட்ரோல், அடுத்த டெமோவுக்கான (மாதிரி ஒலிப்பதிவு) ஸ்டுடியோ நேரம் எல்லாம் அந்த மேசையில் மடித்து வைத்த கறுப்பு டி-ஷர்ட்டுகளிலிருந்துதான் வர வேண்டும்.

அதிலும் கை வைக்க ஆள் உண்டு. வெளிநாட்டு அரங்குகள் பல, மேசை போட இடம் கொடுத்ததற்காக மெர்ச் விற்பனையில் கமிஷன் கேட்கின்றன, சில இடங்களில் 25 சதவீதம் வரை. பிரிட்டனில் ஃபீச்சர்டு ஆர்ட்டிஸ்ட்ஸ் கோயலிஷன் என்ற கலைஞர்கள் அமைப்பு 2022-இல் கமிஷன் வாங்காத அரங்குகளுக்கென்று தனிப் பட்டியலே போட வேண்டி வந்தது. இத்தனை பேர் பிடுங்கியது போக மிச்சம் இருக்கும் கொஞ்ச நஞ்சத்தையும் பிடுங்குவது யார்? அந்த பேண்டை நேசிக்கிறேன் என்று சொல்லும் ரசிகன்.

“ஒரு டி-ஷர்ட்டுக்கு இவ்வளவா? வெளியில் இதே பாதி விலை” என்று மெர்ச் மேசையில் பேரம் பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்கிரீன் பிரிண்டிங் எப்படி நடக்கிறது என்று இவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டும். கறுப்புத் துணியில் நிறம் எடுபட வேண்டுமானால் முதலில் அடியில் வெள்ளை அடிக்க வேண்டும், அது காய்ந்த பிறகுதான் மேலே மற்ற நிறங்கள். பிசிறு பிசிறாகக் கிளை விரியும் பிளாக் மெட்டல் லோகோவின் மெல்லிய கோடுகள் அடைத்துப்போகாமல் வருவதற்குக் கை பழகியிருக்க வேண்டும். ஐம்பது பீஸ் அடித்தாலும் ஐந்நூறு பீஸ் அடித்தாலும் ஸ்கிரீன் செலவு அதேதான். சின்ன பேண்டுக்கு ஐம்பது பீஸுக்கே கைக்காசு. அப்புறம் விலை எப்படிக் குறையும்?

ஓவியர்கள் என்று ஓர் இனம் இருப்பதே இவர்களுக்கு நினைவில் இல்லை. மார்பிட் ஏஞ்சல் பேண்டின் 1989 ஆல்பம் ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ அட்டையை நினைத்துப் பாருங்கள். டான் சீக்ரேவ் வரைந்தது. ஒன்றுக்குள் ஒன்று உருகி நெளியும் அத்தனை முகங்கள். இருபது வயதை ஒட்டிய ஒரு பையன் தூரிகையால் வரைந்தது. என்டூம்ப்ட், டிஸ்மெம்பர், சஃபோகேஷன் என்று அந்தக் காலத்து டெத் மெட்டலின் முகத்தையே அவர்தான் வரைந்தார். பெல்ஜியக்காரர் கிறிஸ்டோஃப் ஷ்பாய்டெல் ‘எம்பரர்’ பேண்டின் லோகோ உட்பட ஆயிரக்கணக்கான லோகோக்களைக் கையால் வரைந்திருக்கிறார், அதில் பெரும்பகுதி யாரும் கேள்விப்படாத சின்ன பேண்ட்களுக்கு. திருட்டு டி-ஷர்ட்டில் இந்த ஓவியங்களுக்கு நடப்பதைப் பார்த்தால் நெஞ்சு பொறுக்காது. பாதி முகங்கள் சதுரத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருக்கும். சிவப்பு பழுப்பாக மாறியிருக்கும். ஓவியரின் கையெழுத்து அழிக்கப்பட்டிருக்கும்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்கு மனப்பாடம். “மெட்டலே காப்பியடித்து வளர்ந்ததுதானே, டேப் டிரேடிங் இல்லாமல் அண்டர்கிரவுண்ட் ஏது?” டேப் டிரேடிங்கைப் பற்றித் தெரிந்துகொண்டு பேசுங்கள். மெட்டாலிகாவின் 1982 டெமோ கைக்குக் கை மாறித்தான் ஊர் ஊராகப் போனது, உண்மை. அந்த டேப்பைப் பிரதி எடுத்தவன் தன் காசில் கேசட் வாங்கி, தபால்தலை ஒட்டி, முகம் தெரியாத இன்னொரு ரசிகனுக்கு அனுப்பினான். பதிலுக்கு இன்னொரு டெமோ வாங்கினான். பேண்டின் பெயர் பரவியது, நிகழ்ச்சிக்கு ஆள் வந்தது. யாரும் அதில் லாபம் பார்க்கவில்லை. திருட்டு டி-ஷர்ட் எந்தப் பாட்டைப் பரப்புகிறது? அதில் பேண்டுக்கு ஒரு புது ரசிகன்கூடக் கிடைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் ரசிகனின் பணம்தான் இன்னொருவன் பைக்குப் போகிறது.

இன்னொரு பதில் கொஞ்சம் நியாயமானது: ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஒரு டி-ஷர்ட்டை வரவழைத்தால் தபால் செலவும் கஸ்டம்ஸும் சேர்ந்து டி-ஷர்ட் விலையைத் தாண்டிவிடும். ஆமாம், தாண்டும். மாதச் சம்பளக்காரனுக்கு அது கட்டுப்படியாகாது, ஒப்புக்கொள்கிறேன். வாங்காமல் இரு! டி-ஷர்ட் இல்லாமலும் ரசிகனாக இருக்கலாம். பேண்டிடமிருந்தே பாட்டு வாங்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் ஆல்பத்தை வாங்கினால் அவர்கள் எடுப்பது 15 சதவீதம், மெர்ச் என்றால் 10, கட்டணம் போக மிச்சம் பேண்டுக்கோ லேபிளுக்கோ போய்விடும். ஜாக்கெட்டில் தைக்கும் ஒரு பேட்ச் என்றால் சாதாரணத் தபால் உறையிலேயே வரும். இல்லை, கறுப்பு டி-ஷர்ட்தான் வேண்டும் என்றால் இங்கே பக்கத்தில் இருக்கிற பேண்ட்களைப் பார். பெங்களூரில் 1998-இல் தொடங்கி 2013-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் திருவிழா மேடை வரைக்கும் போன கிரிப்டோஸ் இருக்கிறது. சிங்கப்பூரில் நம் தமிழ்ப் பிள்ளைகள் 1992-இல் தொடங்கிய ருத்ரா இருக்கிறது. சென்னையிலும் கொழும்பிலும் கராஜில் வாசித்துக்கொண்டிருக்கும் பையன்கள் இருக்கிறார்கள். பெங்களூர், சென்னை பேண்ட்களின் டி-ஷர்ட்டை வாங்க எந்தக் கஸ்டம்ஸ் தடுக்கிறது? இவற்றைப் போட்டுக்கொண்டு போனால் நார்வேயின் பிரபல பேண்டைப் பார்த்ததுபோல் யாரும் “ஓ, மேஹெமா!” என்று வியக்க மாட்டார்கள், அவ்வளவுதான் தடை.

2015-இல் ஹெச் அண்ட் எம் துணிக்கடைகளில், உலகத்திலேயே இல்லாத பேண்ட்களின் பேட்ச் தைத்த ஜாக்கெட்டுகள் வந்தபோது மெட்டல் உலகமே கொதித்தது. மூன்சாரோ பேண்டின் ஹென்ரி சோர்வாலியும் நண்பர்களும் அந்தப் பொய்ப் பெயர்களுக்கே பாட்டும் வரலாறும் உண்டாக்கி இணையத்தில் போட்டுப் பதிலடி கொடுத்தார்கள். அது வேண்டியதுதான். ஆனால் உரிமம் வாங்கித் துணிக்கடையில் விற்கும் ரமோன்ஸ் பேண்டின் டி-ஷர்ட்டைப் பாட்டே கேட்காத ஒரு பள்ளிப் பெண் வாங்கினாலும் அதில் ஒரு பங்கு உரிமைக்காரர்களுக்குப் போகிறது. அவளைப் போஸர், அதாவது வேஷம் போடுகிறவள், என்கிறாய். இருநூற்றைம்பது டெமோ பெயர்களை ஒப்பிக்கத் தெரிந்த நீ அந்த பேண்ட்களில் ஒன்றுக்காவது ஒரு ரூபாய் கொடுத்திருக்கிறாயா? அவளை வாசலில் நிறுத்தும் தகுதி உனக்கு எங்கிருந்து வந்தது?

நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே பேண்ட் மேசை போட்டிருக்க, வாசலுக்கு வெளியே திருட்டு டி-ஷர்ட்டை விரித்து விற்கிறவனைப் பார்த்தும் பார்க்காதது போல் போகிறீர்களே, அவன் உங்கள் மேடையில் வாசிக்கிறவர்களின் சம்பளத்தைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறான். எழுப்பி அனுப்புங்கள். இணையத்தில் விற்கும் கடைகள் இன்னும் மோசம். புகார் கொடுக்கப் போனால் நீ உரிமைக்காரனா என்று படிவம் கேட்கும், டிரேட்மார்க் பதிவு எண் கேட்கும். எந்த அண்டர்கிரவுண்ட் பேண்டிடம் பதிவு எண் இருக்கிறது? வரைந்த கணமே ஓவியத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை என்பதுதான் நம் நாட்டுச் சட்டம். ரசிகன் புகார் கொடுத்தால் எடுபடாது, பேண்டோ ஓவியரோதான் கொடுக்க வேண்டும். அதனால் கண்ணில் படும் ஒவ்வொரு திருட்டு டிசைனையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, லிங்கோடு நேராக பேண்டுக்கே அனுப்புகிறேன். சிலர் புகார் கொடுத்து நீக்க வைத்திருக்கிறார்கள். பத்து நாளில் வேறு கடைப் பெயரில் அதே டிசைன் திரும்ப வரும். அதையும் அனுப்புவேன்.