கள்ளநோட்டைத் தூக்கி எறிந்த கள்ளன்

மொனாக்கோவில் ஒரு சூதாட்ட விடுதியைக் கொள்ளையடித்துவிட்டு இரண்டு பேர் ஓடுகிறார்கள். தக்கனூண்டு ஃபியட் கார். அதற்குள் கழுத்தளவு பணம். இருவருக்கும் தலைகால் புரியவில்லை, கட்டுகளுக்கு நடுவே நீச்சலடிக்காத குறை. திடீரென்று ஒருவன் முகம் மாறுகிறது. ஒரு தாளை எடுத்து உற்றுப் பார்க்கிறான். கள்ளநோட்டு என்கிறான். கூட்டாளிக்கு நம்ப முடியவில்லை, அரசாங்கம் நடத்தும் விடுதியாயிற்றே அது. அவ்வளவுதான், மொத்தப் பணத்தையும் ஓடும் காரிலிருந்து காற்றில் விடுகிறார்கள். சாலையெங்கும் நோட்டு மழை. அதன்மேல் பாட்டு தொடங்கி, பெயர்கள் ஓடுகின்றன.

அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னேன். போட்டுக் காட்டிய அக்கா மகன், "என்ன மாமா, அதுக்குள்ள தூக்கமா?" என்றான். தூக்கமெல்லாம் இல்லை. இருபத்திரண்டு வருடமாக வங்கியில் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். நோட்டை எண்ணிக்கொண்டே போகும்போது ஒரு தாள் மட்டும் விரலுக்கு ஒத்துவராது. கண் போய்ப் பார்ப்பதற்குள் வயிற்றில் சுருக்கென்று ஒன்று தைக்கும். அந்தச் சுருக்கை ஒரு ஜப்பானிய கார்ட்டூன் திருடன் முகத்தில் அப்படியே வரைந்து வைத்திருக்கிறார்கள். அதுவும் 1979இல்.

படம் 'காக்லியோஸ்ட்ரோ கோட்டை'. லூபன் மூன்றாமவன் என்ற திருடனின் கதை. ஹயாவோ மியாசாகி இயக்கிய முதல் முழுநீளப் படம். பின்னால் அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் கிப்லி என்ற அனிமேஷன் ஸ்டூடியோ பிறக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது. 1979 டிசம்பர் 15இல் வெளியானபோது பெரிதாக ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் ஜப்பானில் வீட்டுக்கு வீடு தெரிந்த படமானது. இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கார் துரத்தலைச் சொல்கிறார்கள், கோட்டைக் கூரையில் தாவுவதைச் சொல்கிறார்கள், திருடனின் வசீகரத்தைச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. இது முதலில் கள்ளநோட்டைப் பற்றிய படம், அதற்கப்புறம்தான் திருடனைப் பற்றிய படம். கவுன்டர்க்காரன் புத்தி அப்படித்தான் போகும் என்று நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் காக்லியோஸ்ட்ரோ என்று ஒரு கற்பனைக் குட்டி நாடு, மக்கள்தொகை 3,500. ஏரிக்கு நடுவே கோட்டை. அங்கே ஒரு கோமகன். பல நூறு வருடமாக அந்தக் கோட்டைக்குள் உலக நாடுகளின் நோட்டை எல்லாம் அச்சடித்துத் தள்ளுகிறார்கள். பிரான்சை ஆண்ட பூர்போன் வம்சம் கவிழ்ந்ததற்கும், நெப்போலியனுக்குக் காசு வந்ததற்கும், 1927இன் பொருளாதாரச் சரிவுக்கும் இந்த நோட்டுதான் காரணம் என்று படத்தில் லூபன் கணக்குச் சொல்கிறான். கோமகனுக்கு இன்னும் ஒன்று வேண்டும். முறையான அரச வம்சத்தில் மிச்சமிருக்கும் ஒரே பெண்ணான கிளாரிஸைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவளுடைய மோதிரமும் இவனுடைய மோதிரமும் சேர்ந்தால் பழைய புதையல் திறக்கும். அவள் கல்யாண உடுப்போடு காரில் தப்பி ஓடுகிறாள், பிடிபடுகிறாள். லூபன் உள்ளே நுழைகிறான்.

இதில் எது நிஜம் என்று எண்ணிப் பாருங்கள். பணம் பொய். கோமகனின் சிரிப்பு பொய். மணப்பெண்ணுக்கு மருந்து கொடுத்து நிற்க வைத்திருப்பதால் கல்யாணமும் பொய். அங்கே வந்து நிற்கும் பேராயர் லூபனின் மாறுவேடம், அவரும் பொய். ஏன், காக்லியோஸ்ட்ரோ என்ற பெயரே ஒரு கள்ளநோட்டுதான். 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரில் ஐரோப்பிய அரண்மனைகளைச் சுற்றி வந்த 'கோமகன்' உண்மையில் சிசிலித் தீவின் பலெர்மோவில் பிறந்த ஜுசெப்பே பல்சாமோ. மந்திரம், மருந்து, போலிக் கையெழுத்து என்று எல்லாத் தொழிலும் தெரிந்த எத்தன். பிரெஞ்சு அரசி பெயரில் நடந்த வைர அட்டிகை மோசடியில் பாஸ்டீல் சிறைவரை போய் வந்தவன். கடைசியில் 1795இல் இத்தாலியின் சான் லியோ கோட்டைச் சிறையில் செத்தான். அந்தப் பெயரை ஒரு கள்ளநோட்டு ராஜ்யத்துக்கு வைத்தது பொருத்தம்தானே.

சரி, நாயகன்? அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. லூபன் மூன்றாமவனே அனுமதி வாங்காமல் அச்சடித்த நோட்டுதான்.

ஆர்சென் லூபன் என்ற கனவான் திருடனை 1905இல் உருவாக்கியவர் பிரெஞ்சு எழுத்தாளர் மோரிஸ் லெப்லாங். அந்தத் திருடனின் பேரன் என்று சொல்லிக்கொண்டு 1967இல் ஒரு ஜப்பானிய வார இதழில் படக்கதை தொடங்கியவர் மங்கி பஞ்ச். நிஜப் பெயர் கசுஹிகோ காதோ. லெப்லாங் தரப்பிடம் யாரும் கேட்கவில்லை. ஜப்பானுக்குள் இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. தொடர் வெளிநாடு போனதும் வம்பு வந்தது. பிரான்சில் அவன் பெயர் 'எட்கர்' ஆனது. ஆங்கிலத்தில் ஒரு பதிப்பில் 'உல்ஃப்', இன்னொன்றில் 'ரூபன்'. தாத்தா ஊருக்குப் போன பேரன் தாத்தா பெயரைச் சொல்ல முடியாமல் நின்றான்.

லெப்லாங் மட்டும் லேசுப்பட்டவரா? 1906இல் தன் கதைக்குள் ஷெர்லாக் ஹோம்ஸை இழுத்து வந்தார். கானன் டாயல் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்ததும், முதல் எழுத்துகளை இடம் மாற்றி 'ஹெர்லாக் ஷோல்ம்ஸ்' ஆக்கிவிட்டுத் தொடர்ந்தார். மாட்டினால் தாளின் மூலையில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றுகிற வேலை. வம்ச குணம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

படத்திலும் அதே கைவேலை தெரிகிறது. லெப்லாங்கின் 1924 நாவலில் காக்லியோஸ்ட்ரோ பெயரில் ஒரு சீமாட்டி வருகிறாள், கிளாரிஸ் என்ற பெண்ணும் வருகிறாள். 1927இல் வந்த அவருடைய இன்னொரு நாவலில் ஏரித் தண்ணீருக்கு அடியில் ரோமானிய இடிபாடு இருக்கிறது. மியாசாகி மூன்றையும் எடுத்துக்கொண்டார். எடுத்ததை வைத்து என்ன செய்தார் என்பதுதான் பேச்சு.

இங்கே தீவிர லூபன் ரசிகர்களின் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும். "இவன் எங்க லூபனே இல்ல" என்பார்கள். மூலப் படக்கதையின் லூபன் கொஞ்சம் விஷம் தடவிய ஆள். பெண்பித்து, குரூரம், கொலைக்கு அஞ்சாத தன்மை எல்லாம் உண்டு. மியாசாகியின் லூபனோ ஒரு பெண்ணுக்காக உயிரைக் கொடுக்கத் துணிகிறான், அவள் விரலைக்கூட அதிகப்படியாகத் தொடுவதில்லை. மங்கி பஞ்சே, படம் நன்றாக இருக்கிறது, ஆனால் என் லூபன் இத்தனை நல்லவன் இல்லை என்ற பொருள்படப் பேசியிருக்கிறார். ஆக, மியாசாகி செய்தது நகலுக்கு ஒரு நகல். என் தொழில் விதிப்படி இதை வாங்கி, கள்ளநோட்டு என்று முத்திரை குத்தி, கொண்டுவந்தவரிடம் ஒரு ரசீது கொடுத்துவிட்டு உள்ளே வைத்திருக்க வேண்டும்.

ஆனால் கை வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

நல்ல கள்ளநோட்டுக்காரன் சின்ன விஷயத்தில் ஏமாற்றுவதில்லை. பெரிய பொய்யைச் சுமக்கச் சின்ன நிஜங்கள் ஆயிரம் வேண்டும். இந்தக் குழுவில் யாசுவோ ஓட்சுகா என்று ஒரு அனிமேட்டர் இருந்தார், இயந்திரப் பைத்தியம். 1971இல் வந்த முதல் தொலைக்காட்சித் தொடரிலேயே, கார் என்றால் ஏதோ கார், துப்பாக்கி என்றால் ஏதோ துப்பாக்கி என்று வரையக்கூடாது என்று நின்றவர். லூபன் கையில் வால்தர் பி38. அவன் ஓட்டும் ஃபியட் 500, ஓட்சுகா நிஜமாகவே வைத்திருந்த கார். கிளாரிஸ் தப்பி ஓடும் சித்ரோன் 2சிவி மாதிரி மியாசாகியிடமே ஒன்று இருந்தது. மலைப்பாதைத் துரத்தலைப் பார்க்கும்போது இது புரியும். ஃபியட் செங்குத்தான மலைச்சரிவில் ஏறி ஓடுகிறது, நடக்கவே நடக்காத காரியம். ஆனால் டயர் வழுக்குவதும், அந்தச் சின்ன எஞ்சின் மூச்சு வாங்குவதும் நிஜமாக இருப்பதால் மனசு "சரி, ஏறட்டும்" என்று விட்டுக்கொடுக்கிறது. இத்தனையும் சில மாத அவகாசத்தில் வரைந்தவை.

இனி ஜெனிகாட்டா. லூபனைப் பிடிப்பதே பிறவிப் பயன் என்று அலையும் இன்ஸ்பெக்டர். மற்ற கதைகளில் பெரும்பாலும் கோமாளி. இதில் ஜப்பானின் சைதாமா போலீஸ் படையோடு வந்து இறங்கி, கோட்டை வாசலில் கப் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கிறார். பொறிக்கதவில் விழுந்து பாதாளத்துக்குப் போகிறார். அங்கே லூபனும் இருக்கிறான். இருவரும் சேர்ந்து அச்சுக்கூடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். வெளியே போகிறவரை மட்டும்தான் இந்தக் கூட்டு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே கை கொடுக்கிறார் ஜெனிகாட்டா. அந்தக் கை குலுக்கல் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆதாரத்தோடு இன்டர்போலிடம் போகிறார். பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்த நாடுகள் ஒன்றையொன்று குற்றம் சாட்டுகின்றன. உன் நோட்டைத்தான் நிறைய அடித்திருக்கிறார்கள், நீதான் அடிக்கச் சொல்லியிருப்பாய் என்று இழுபறி. முடிவில் யாரும் எதையும் செய்யப் போவதில்லை. ஜெனிகாட்டா அறைக்கு வெளியே வந்து நிற்கும் நிலையில் நிறையப் பேரை நான் பார்த்திருக்கிறேன். கள்ளநோட்டு என்று தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்து, கவுன்டருக்கு வெளியே நிற்கிற சனம்.

இது மிகை என்று நினைக்காதீர்கள். அரசாங்கமே கள்ளநோட்டு அடித்த கதை நிஜத்தில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் கைதிகளை வைத்து பிரிட்டிஷ் பவுண்டு நோட்டுகளை அடித்தார்கள். தரம் எப்படி என்றால், இங்கிலாந்து வங்கி ஐந்து பவுண்டுக்கு மேற்பட்ட நோட்டு அடிப்பதையே 1943இல் நிறுத்திக்கொண்டது. போர் முடியும்போது கட்டுக்கட்டாக ஆஸ்திரியாவின் டோப்லிட்ஸ் ஏரியில் கொட்டினார்கள். 1959இல் முக்குளிக்கிறவர்கள் மேலே எடுத்தார்கள். ஏரிக்கு நடுவே கோட்டை, கோட்டைக்கடியில் அச்சகம் என்று படம் காட்டும்போது எனக்கு அந்த ஏரிதான் ஞாபகம் வந்தது. ஜப்பானிலும் 1961 முதல் 1963 வரை அசலைத் தோற்கடிக்கும் ஆயிரம் யென் கள்ளநோட்டுகள் வந்தன. கிடைத்தவை 343 தாள்கள். நோட்டின் வடிவத்தையே மாற்றினார்கள், ஆள் மட்டும் கடைசிவரை சிக்கவில்லை. 1979இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு அது நேற்று நடந்த மாதிரி இருந்திருக்கும்.

கைவிடப்பட்ட ஜெனிகாட்டா கடைசியில் என்ன செய்கிறார் தெரியுமா? நடிக்கிறார். கல்யாணக் கூத்து நடக்கும்போது லூபனைத் துரத்துகிற சாக்கில் படையோடு பாதாளத்துக்கு ஓடுகிறார். லூபனுக்குச் சில சமயம் கூட்டாளி, சில சமயம் போட்டியாக இருக்கும் திருடி ஃபுஜிகோ இப்போது தொலைக்காட்சி நிருபர் வேடத்தில் இருக்கிறாள், அவள் கேமரா பின்னாலேயே வருகிறது. "லூபனைத் துரத்திக்கொண்டு வந்தால் பயங்கரமான ஒன்று அகப்பட்டுவிட்டதே, இப்போது என்ன செய்வது" என்று நேரலையில், படுமோசமான நடிப்பில், கள்ள அச்சகத்தை உலகத்துக்கே காட்டுகிறார். படம் நெடுக வருகிற பொய்களில் எனக்கு ஆகப் பிடித்த பொய் இதுதான். பொய் சொல்லத் தெரியாதவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொன்ன பொய். மணிக்கூண்டின் பற்சக்கரங்களுக்கு நடுவே நடக்கும் சண்டையை எல்லோரும் புகழ்கிறார்கள். புகழட்டும், எனக்கு இந்த ஒன்றரை நிமிடம் போதும்.

அப்புறம் லூபன். இளம் வயதில் இதே கள்ளநோட்டு ரகசியத்தைத் தேடி இதே கோட்டைக்கு வந்து, அடிபட்டுக் கிடந்தவன் அவன். அப்போது தண்ணீர் கொடுத்தவள் சிறுமியாக இருந்த கிளாரிஸ். ஆக, இவன் இப்போது வயதாகத் தொடங்கிய திருடன். கோபுரத்தில் அவளைச் சந்திக்கும்போது, உன்னைத் திருடிக்கொண்டு போக அனுமதி கொடு என்று கேட்கிறான். உள்ளங்கையிலிருந்து ஒரு பூவை வரவழைத்துக் கொடுத்து, அதிலிருந்து குட்டிக் கொடிகளை இழுத்துக் காட்டி, இப்போதைக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்கிறான். வித்தைக்காரனின் பூதான், ஆனால் அந்தக் கோட்டையில் அவளுக்குக் கிடைத்த முதல் அசல் பொருள் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

முடிவில் ஏரி வடிந்து தண்ணீருக்கடியில் இருந்த ரோமானிய நகரம் வெளியே வருகிறது. அதுதான் புதையல். என் சட்டைப்பைக்கு இது ரொம்பப் பெரிசு என்கிறான் லூபன். கிளாரிஸ், என்னையும் கூட்டிப் போங்கள், திருட்டு இன்னும் தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்று கட்டிக்கொள்கிறாள். அவன் கைகள் அவள் முதுகுக்குப் பின்னால் அந்தரத்தில் நடுங்குகின்றன. அணைக்கவில்லை. நெற்றியில் ஒரு முத்தத்தோடு கிளம்பிவிடுகிறான். மூல லூபன் அணைத்திருப்பான், சந்தேகமே இல்லை. அந்த நடுங்கும் கைகளை வரைந்தவர்களிடம் போய் "இது அசல் லூபன் இல்லை" என்று நான் சொல்ல மாட்டேன்.

மூச்சிரைக்க வந்து சேரும் ஜெனிகாட்டாவிடம், அவர் எதையும் திருடவில்லை என்கிறாள் கிளாரிஸ். இல்லை, பெரிய பொருள் ஒன்றைக் கொண்டு போய்விட்டான், உங்கள் இதயம் என்கிறார் இவர். ஜப்பானில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும் வசனமாம். எனக்கு அது கொஞ்சம் தித்திப்பு அதிகம். அக்கா மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று என்னை இன்னும் உறுத்துகிறது. கடைசிக் காட்சியில் ஃபுஜிகோ மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்துகொள்கிறாள், பின்னால் ஒரு மூட்டை. கோட்டையிலிருந்து அவள் தூக்கி வந்தது கள்ளநோட்டு அச்சுத் தகடுகள், அசல் தகடுகள். அதைப் பார்த்ததும் லூபன் வாயெல்லாம் பல்லாக அவள் பின்னால் காரை விரட்டுகிறான், ஜெனிகாட்டா அவன் பின்னால். படம் முடிந்துவிட்டது. அந்தத் தகடுகள் என்ன ஆயின என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் கட்டைப் பிரிக்கும்போதும் எனக்கு அதே யோசனைதான்.