சாக்கடைக்கு யார் மேயர்?

எங்கள் ஊரில் மாநகராட்சி எல்லை ஒரு சாக்கடையோடு முடிகிறது. வடபுறம் மாநகராட்சி, தென்புறம் கிராம ஊராட்சி. தென்புறத்தில் நாலு விசைத்தறி வைத்திருக்கிறார் மாமா. அவர் மகளைக் கட்டிய மாப்பிள்ளை வடபுறத்து வீட்டில். பெண்ணைக் கொடுத்தது என்னவோ பத்தடி தூரத்தில்தான், ஆனால் வரி ரசீதைப் பார்த்தால் வெளியூர்ச் சம்பந்தம்.

2025இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தறி ஓடவில்லை. அதனால்தான் பேச்சு காதில் விழுந்தது.

மாப்பிள்ளை: ஏனுங்க மாமா, சாக்கடை மறுபடியும் அடைத்துக்கொண்டதுங்க. தண்ணி வாசப்படி வரைக்கும் வந்துவிட்டது.

மாமா: வாங்க மாப்ள. உங்க மேயரிடம் சொல்லுங்க. சொத்துவரி கட்டுகிறவர் நீங்கதானே?

மாப்பிள்ளை: மேயருக்கு நான் எங்கே ஓட்டுப் போட்டேன்? 2022 பிப்ரவரியில் போட்டது ஒரே ஓட்டு, அதுவும் கவுன்சிலருக்கு. மார்ச் 4ஆம் தேதி கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு டிவியில் பார்த்த பழக்கம்தான்.

மாமா: எங்க பக்கம் அப்படி இல்லைங்க. 2019 டிசம்பரில் ஆளுக்கு நாலு சீட்டு. வார்டுக்கு, தலைவருக்கு, ஒன்றியத்துக்கு, மாவட்டத்துக்கு. தலைவர் சீட்டு ரோஸ் கலர். உங்க அத்தை நாலையும் மொய்க் கவர் மாதிரி மடித்துப் போட்டுவிட்டு வந்தாள்.

மாப்பிள்ளை: தலைவர் கூப்பிட்டால் வருவாரா?

மாமா: வராமல்? பேக்கரியில் டீ குடிக்கிறபோதே தோளில் கையைப் போட்டு, "ஏப்பா, என் ஓட்டு என்னாச்சு?" என்று கேட்கலாம். ஊராட்சிச் செக்கில் கையெழுத்துப் போடுவதே அவரும் துணைத்தலைவரும்தான்.

மாப்பிள்ளை: அப்புறம் என்னங்க, இப்பவே ஒரு போன் போடுங்க.

மாமா: (தலையைச் சொறிந்து) ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்துவிட்டதுங்களே. இப்போது தனி அலுவலர்.

மாப்பிள்ளை: அவருக்கு யார் ஓட்டுப் போட்டது?

மாமா: டீ ஆறிப்போகிறது, குடிங்க.

மாப்பிள்ளை: எங்களுக்கும் ஒரு காலத்தில் நேரடி ஓட்டு இருந்தது மாமா. 2011இல் மேயருக்கு நானே போட்டேன்.

மாமா: 1996இலும் 2001இலும்கூட அப்படித்தான். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் திரும்ப ஜனங்க. 2016இல் கவுன்சிலர்களே என்று சட்டம். 2018இல் இல்லை, ஜனங்கதான் என்று சட்டம். 2019 நவம்பரில் கவுன்சிலர்களே என்று அவசரச் சட்டம்.

மாப்பிள்ளை: தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மாதிரி இருக்கிறதுங்களே.

மாமா: நாடாவைக் கேவலப்படுத்தாதீங்க. அது ஒருமுறை போய் வந்தால் ரெண்டு இழை துணி ஏறும். இங்கே 2016இலிருந்து 2019க்குள் சட்டம் மூன்று தடவை மாறியது, நகரத்தில் தேர்தல் ஒரு தடவைகூட நடக்கவில்லை. பாவு நூலே ஏற்றாமல் வெறும் தறி ஓட்டியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை: கோயமுத்தூரில் 2014இல் மேயர் பதவி காலியானபோது ஊர் முழுக்க இடைத்தேர்தல். 2024இல் காலியானபோது கவுன்சிலர்கள் ஒரு நாள் கூடினார்கள், போட்டியே இல்லை, முடிந்தது.

மாமா: செலவு மிச்சம் என்று வேண்டுமானால் சொல்லலாம். சரி, நேரடியாகவே தேர்ந்தெடுத்தீங்க என்று வையுங்க. சாக்கடை தானாக ஓடிவிடுமா?

மாப்பிள்ளை: மேயர் சொன்னால் ஓடாதா?

மாமா: மேயருக்கு அங்கி உண்டு, கழுத்தில் சங்கிலி உண்டு, செங்கோல் உண்டு. மன்றக் கூட்டத்துக்குத் தலைமையும் அவர்தான். நிர்வாகம் கமிஷனர் கையில். அந்தக் கமிஷனரை அனுப்புவது மாநில அரசு. முகூர்த்தத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற மாதிரி. மாலை அவர் கழுத்தில், பந்திக்கு எத்தனை இலை என்று முடிவு பண்ணுவது வேறு ஆள்.

மாப்பிள்ளை: என் கல்யாணத்தை எதுக்கு மாமா இழுக்கிறீங்க?

மாமா: பொதுவாகச் சொன்னேன். இன்னொன்று, மேயர் ஒரு கட்சி, மன்றத்தில் பாதிக்கு மேல் வேறு கட்சி என்றால் தீர்மானம் எப்படி நிறைவேறும்? சம்பந்திகள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாத கல்யாணம். பந்தியில் பாயசம் வருவதற்கே ராத்திரி ஆகிவிடும்.

(இந்த இடத்தில் மாப்பிள்ளை சித்த நேரம் பேசவில்லை. அவர் கல்யாணத்தில் பாயசம் வந்ததா என்பது எனக்குத் தெரியாது.)

மாப்பிள்ளை: இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்று ஒரு ஊர் மாமா. 2002இல் அங்கே முதல்தடவையாக ஜனங்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளூர் கால்பந்து அணிக்காகக் குரங்கு வேஷம் போட்டு ஆடிக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் டிரம்மண்ட் என்கிறவர் நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசமாக வாழைப்பழம் என்று வாக்குறுதி.

மாமா: டெபாசிட் போயிருக்குமே?

மாப்பிள்ளை: ஜெயித்துவிட்டாருங்க. 2005இலும் 2009இலும் மறுபடியும் அவரே.

மாமா: மூன்று தடவையா! மிக்சி, கிரைண்டர் கொடுத்தே இங்கே தோற்றவர்கள் உண்டு, வெறும் வாழைப்பழத்துக்கா? அப்புறம்?

மாப்பிள்ளை: 2012இல் அந்த ஊர்க்காரர்களிடமே ஓட்டெடுப்பு நடத்தினார்கள். நேரடி மேயர் முறையே வேண்டாம் என்று ஜனங்கள் சொல்லிவிட்டார்கள்.

மாமா: அது நாயம்.

மாப்பிள்ளை: வேண்டாம் என்றதா?

மாமா: கேட்டதுங்க! வேணுமா வேண்டாமா என்று ஓட்டுப் போடுகிறவனைக் கேட்டுவிட்டு எடுத்தார்கள். இத்தனை தடவை இங்கே மாற்றினார்களே, உங்க வாசலில் வந்து யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

மாப்பிள்ளை: என் வாசலுக்குச் சாக்கடைத் தண்ணிதான் வந்தது. (குனிந்து பார்க்கிறார்) ஏனுங்க மாமா, உள்ளே ஒரு தென்னை மட்டை குறுக்கே கிடக்கிறதுங்க. அதில்தான் அத்தனையும் அடைத்து நிற்கிறது. மட்டை உங்க மரத்துது.

மாமா: மரம் ஊராட்சியில் நிற்கிறது. மட்டை விழுந்தது மாநகராட்சியில். எங்க தனி அலுவலருக்கு அங்கே அதிகாரம் இல்லை.

மாப்பிள்ளை: அடிமட்டை உங்க பக்கம்தான் இருக்கிறது. நுனி மட்டும்தான் எங்க பக்கம்.

மாமா: அப்படியென்றால் இந்தச் சாக்கடைக்குத் தனியாக ஒரு மேயர் வேணும். நேரடித் தேர்தல். நான் நிற்கிறேன்.

மாப்பிள்ளை: நானும் நிற்கிறேன். என் ஓட்டு எனக்கு.

மாமா: என் ஓட்டு எனக்கு. ஒன்றுக்கு ஒன்று. சரிசமம் வந்தால் குலுக்கல்தான் முறை.

மாப்பிள்ளை: குலுக்கல் எதுக்குங்க? அத்தையை வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. ஒரு ஓட்டில் முடிவு தெரிந்துவிடும்.

மாமா: (வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக) மட்டை விழுந்து எட்டு நாள் ஆச்சு, இன்னும் எடுக்கவில்லையா என்று காலையில்தான் கேட்டாள். அவள் பட்டியலில் வந்தால் நம்ம ரெண்டு பேருக்குமே டெபாசிட் போய்விடும். வேட்டியை மடித்துக் கட்டுங்க மாப்ள, நுனியைப் பிடிங்க.