யாரைப் பார்த்து முட்டுக்கட்டை என்கிறீர்கள்?

இன்று காலை பதினொன்றே காலுக்கு, வரிசையில் நின்ற ஒன்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, ஒருவர் என்னை முட்டுக்கட்டை என்று சொல்லிவிட்டார். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரில் இருப்பதும் அதே ஆபீஸ்தான்.

விஷயம் ஒரு துணைக்கால். பட்டாவில் அப்பா பெயர் ‘கோவிந்தசமி’ என்று ஏறியிருக்கிறது. ‘சா’வுக்கு வர வேண்டிய காலை எவரோ கம்ப்யூட்டரில் தட்டும்போது விட்டுவிட்டார். அந்த ஒரு கால் இல்லாத பாவத்துக்கு நான் என் இரண்டு காலால் நாலு மாதமாக நடக்கிறேன். வி.ஏ.ஓ.விடம் போனால் ஆர்.ஐ.யைப் பார்க்கச் சொன்னார். ஆர்.ஐ. தாலுகாவுக்குப் போகச் சொன்னார். தாலுகாவில் “வி.ஏ.ஓ. என்ன சொன்னார்?” என்று கேட்டார்கள். கிரிவலம் வந்திருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும்.

இன்று மறுபடி போனேன். சர்வர் இல்லை. சுவரில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு தாள். தூர்தர்ஷன் காலத்தில் படம் பாதியில் நின்று இதே வாக்கியம் திரைக்கு வரும், வீடே உச்சுக்கொட்டும். ஆனால் அந்தத் தடங்கல் பத்து நிமிடத்தில் போய்விடும். இந்தத் தாளின் நாலு மூலையிலும் செல்லோடேப் பழுத்து மஞ்சளாகியிருக்கிறது. எத்தனை வருஷமாக வருந்துகிறார்களோ, பாவம்.

ஒருவழியாக சர்வர் வந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் என் தாள்களைப் புரட்டினார். எச்சில் தொட்டுப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால் ஒரு தடவை, பின்னாலிருந்து முன்னால் ஒரு தடவை. பிறகு நிமிர்ந்து, “இதுல கோவிந்தசாமி, அதுல கோவிந்தசமி. ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படி நம்புறது?” என்றார்.

“சார், அதைத் திருத்தத்தான் வந்திருக்கேன்.”

“அதான் கேக்கிறேன். ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு சர்ட்டிபிகேட் வேணும்.”

“யார் குடுப்பாங்க?”

“நாங்கதான்.”

“சரி சார், குடுங்க.”

“பட்டாவுல பேரு சரியா இருந்தாத்தான் குடுக்க முடியும்.”

இதை நான் மிகைப்படுத்தவில்லை. வார்த்தைக்கு வார்த்தை இதுதான். வீடு வரைக்கும் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். போன மாதமே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். குரலைக்கூட உயர்த்தவில்லை, சரி, கொஞ்சம் உயர்த்தியிருப்பேன். உடனே அவர் என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் நின்றவர்களிடம் நீதி கேட்டார்: “பாருங்க, வேலையச் செய்ய விடாம இவரே முட்டுக்கட்டையா நிக்கிறாரு!”

பின்னால் நின்ற ஒரு பெரியவர் தலையாட்டினார் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல். அவரும் ஆறு மாதமாக நடக்கிறவர்.

ஐயா, முட்டுக்கட்டை என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு? சின்ன வயதில் பெரியப்பா திருவாரூர் தேருக்குக் கூட்டிப்போவார். ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து அதைக் கிளப்பிவிடலாம். கிளம்பியதை நிறுத்துவது யார்? வீதி முனையில் திருப்புவது யார்? சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடி ஓடுகிறவர்கள் இருப்பார்கள். கையில் ஆப்பு மாதிரி சீவிய கட்டை. உருண்டு வருகிற சக்கரத்துக்கு முன்னால் அதைச் சரியான நேரத்தில் சரியான இடத்தில் செருக வேண்டும். ஒரு நொடி பிந்தினால் கட்டை போட்டவரின் கால் போய்விடும். தேர் கோணிக்கொண்டு போனால் பக்கத்தில் நிற்கும் கூட்டத்தின் மேல் ஏறும், இல்லை வீட்டுத் திண்ணையை இடிக்கும். திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும் கட்டை போடுகிறவர்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. பிரேக் நிறுத்தும், சரி. அங்குலம் அங்குலமாகத் தேரை வழிக்குக் கொண்டுவருவது அந்தக் கட்டைதான்.

அதாவது முட்டுக்கட்டை போடுவது தேர் போகக் கூடாது என்பதற்காக அல்ல, ஒழுங்காக நிலைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காக. அப்படிப்பட்ட சாமானை எடுத்து, கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு டீ குடிக்கிறவர்களுக்குப் பெயராக்கி, இப்போது அவர்களே அதை நம் மேல் எறிகிறார்கள். கட்டைக்கு வாய் இருந்தால் மானநஷ்ட வழக்குப் போடும்.

‘முட்டு’ என்ற சொல்லிலேயே இரண்டும் இருக்கிறது. மாடு முட்டும், சந்து முட்டும், தலை நிலைப்படியில் முட்டும். அதே முட்டைத்தான் காற்றில் சாய்கிற வாழைக்கும் சரிகிற சுவருக்கும் கொடுக்கிறோம். தடுப்பதும் முட்டு, தாங்குவதும் முட்டு. கட்சிக்காரர்கள் தலைவர் எதைப் பேசினாலும் ‘முட்டுக் கொடுக்கிறார்களே’, அது தனிக் கதை, அதை இன்னொரு நாள் திட்டுகிறேன்.

தடங்கலுக்கும் சக்கரத்துக்கும் நம் ஊரில் பழைய பழக்கம். முப்புரம் எரிக்கக் கிளம்பிய சிவன் பிள்ளையாரைக் கும்பிடாமல் போனார், தேரின் அச்சு முறிந்தது, அச்சு இற்ற இடம்தான் அச்சிறுபாக்கம் என்கிறது தலபுராணம். அருணகிரிநாதர் அதைத் திருப்புகழில் பிள்ளையாரின் வீரமாகவே பாடுகிறார். பெற்ற அப்பாவுக்கே விக்கினம் வைத்த பிள்ளை! ஆனால் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது: தேங்காயை உடைத்துக் கும்பிட்டால் அச்சைச் சரிசெய்துவிடுவார். தேங்காயையும் வாங்கிக்கொண்டு, ‘தேங்காய்க்குத் தேங்காய்ச் சான்று கொண்டுவா’ என்று சொல்ல மாட்டார்.

வள்ளுவர் வேறு. இடுக்கண் வருங்கால் நகுக என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். அதே அதிகாரத்தில், தடைப்பட்ட இடத்திலெல்லாம் விடாமல் வண்டியை இழுத்துப் போகிற பகட்டைப் போல இருப்பவனைக் கண்டால் துன்பமே துன்பப்படும் என்கிறார். பகடு என்றால் எருது. நாலு மாதமாக நான் அந்த எருதாகத்தான் இருக்கிறேன், வள்ளுவரே. துன்பம் துன்பப்பட்டதாகத் தெரியவில்லை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஃபேன் காற்றில் சௌக்கியமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் என்ன ஆனது என்றால், ஒன்றும் ஆகவில்லை. “மேலிடத்துல கேட்டுச் சொல்றேன், அடுத்த வாரம் வாங்க” என்றார். நான் நகராமல் நின்றேன். முட்டுக்கட்டை என்று பெயர் வாங்கியாயிற்று, கொஞ்ச நேரம் அந்த வேலையைப் பார்க்கலாமே என்று. சரியாக ஒரு மணிக்கு அவர் எழுந்து, சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து, கதவின் அடியில் காலால் ஒரு எத்து விட்டார். அப்போதுதான் பார்த்தேன். கதவு மூடாமல் இருக்க அடியில் ஒரு மரக்கட்டை செருகியிருந்தது. காலையிலிருந்து அந்த ஆபீஸில் சொன்ன வேலையைச் செய்தது அது ஒன்றுதான். அது உருண்டு போய் என் செருப்பருகில் நின்றது, கதவு படீரென்று சாத்திக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையாட்டிய பெரியவரும் சிரித்தார். இருவரும் நடு வெயிலில் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றோம்.

கட்டையை எடுத்துச் சுவரோரம் பத்திரமாக வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனோம். இந்த டீக்கடைக்காரர்கள் மட்டும் என்ன? சர்க்கரை கம்மியாக என்று மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் தலையாட்டினார், பாயசத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். அதுவும் பேப்பர் கப்பில், பாதிக்குக் கீழே. கண்ணாடி டம்ளரையெல்லாம் எங்கே கொண்டு போய்ப் புதைத்தீர்கள் ஐயா?