அப்பாவை நடுத்தெருவில் உட்கார வைத்தவன் எழுதுகிறேன்

போன வெள்ளிக்கிழமை எடுக்கப்பட்டு இணையத்தில் பரவிய என் அப்பாவின் படத்தைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை என்று நான்கு நாள் பொறுத்திருந்தேன். நேற்றிரவு கோவையிலிருந்து சித்தப்பா கூப்பிட்டு, "என்னடா, அண்ணனை நடுத்தெருவில் உட்கார வைத்துவிட்டாயாமே" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அந்தப் படம் கோவை வரை போய்விட்டது என்றால், படத்தில் இருப்பவரின் மகனாகிய நானும் நாலு வார்த்தை பேசலாம்.

என்ன நடந்தது என்பது இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். பாண்டி பஜாருக்குப் பின்னால் இருக்கும் தெருவில், கட்டணம் செலுத்தி வண்டி நிறுத்தும் இடம் ஒன்றில், நாங்கள் ஐந்து பேர் கோரைப்பாய் விரித்து, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளும் இரண்டு செம்பருத்தித் தொட்டிகளும் ஒரு தண்ணீர்ப் பானையும் வைத்தோம். மணிக்கு 20 ரூபாய் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு 40 ரூபாய் கட்டினோம். கட்டணம் வாங்கும் தம்பி, "வண்டி நம்பர் சொல்லுங்க சார்" என்றார். வண்டி இல்லை, பாய்தான் இருக்கிறது என்றோம். நம்பர் இல்லாமல் கருவியில் ரசீது வராது என்று அவர் சொன்னது உண்மைதான். சிறிது நேரம் யோசித்துவிட்டுத் தன் சொந்த வண்டியின் எண்ணைத் தட்டி ரசீது எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அந்தத் தெருவில் எங்களைப் புரிந்துகொண்ட முதல் மனிதர் அவர்.

செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை, 'பார்க்கிங் டே' என்ற பெயரில், இப்படிச் செய்வது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. 2005 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ரீபார் என்ற வடிவமைப்புக் குழுவினர் மிஷன் தெருவில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் மீட்டரில் காசு போட்டு, அங்கே புல் விரித்து, ஒரு பெஞ்சும் தொட்டியில் ஒரு மரமும் வைத்து, இரண்டு மணி நேரம் முடிந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஆங்கிலத்தில் 'பார்க்' என்பதற்குப் பூங்கா என்றும் வண்டியை நிறுத்துவது என்றும் இரண்டு பொருள் இருப்பதை வைத்து அவர்கள் செய்த சிலேடை அது. ஐந்தே ஆண்டுகளில், 2010-இல், அந்த நகர நிர்வாகமே கார் நிறுத்தும் இடங்களில் நிரந்தரமாகச் சிறு பூங்காக்கள் அமைக்க அனுமதி கொடுக்கத் தொடங்கியது. நம் ஊரிலும் 'பார்க்' என்றால் இரண்டு பொருள் உண்டு, ஆனால் தி. நகரில் வண்டியோடு வருகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சொல் பொருந்தும் போலிருக்கிறது.

ஐம்பதாவது நிமிடத்தில் ஒரு பெரிய கார் வந்து எங்கள் பாயின் விளிம்பில் முன்சக்கரத்தை வைத்து நின்றது. ஒலிப்பானிலிருந்து கையை எடுக்காமலே அதை ஓட்டியவர், "ரோட்டில் உட்கார்ந்து பிச்சை எடுக்கிறீர்களா" என்று கேட்டார். பிறகு கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். யாரோ படம் எடுத்தார்கள். என் அப்பா, 78 வயது, கையில் தண்ணீர் டம்ளரோடு, அந்தக் காரின் முகப்பு விளக்குகளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "பெற்ற தகப்பனை நடுத்தெருவில் உட்கார வைத்த மகன்" என்று அதற்குத் தலைப்புக் கொடுத்த அன்பருக்கு நல்ல தமிழ் வருகிறது, பாராட்டுகிறேன்.

ஐயா, அது நடுத்தெரு அன்று, தெருவின் ஓரம். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் கொண்ட, அதாவது சுமார் 135 சதுர அடி பொது நிலம். அந்த அளவுக்குப் பக்கத்தில் ஒரு கடை வாடகைக்குப் பிடித்துப் பாருங்கள், மணிக்கு 20 ரூபாய் என்றால் உரிமையாளர் சிரிப்பார். அந்த நிலத்தில் ஒரு கார் வெறுமனே நிற்கலாம், உள்ளே ஆள் இல்லாமல் மாலை முழுக்க நிற்கலாம், ஒருவரும் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. அதே இடத்தில், அதே கட்டணம் கொடுத்து, ஒரு மனிதர் உட்கார்ந்தால் அது ஆக்கிரமிப்பு, அவமானம், பிச்சை. எனக்குப் புரியாதது இது ஒன்றுதான். அந்த இடம் காரின் இடம் அன்று, தெருவின் இடம். தெருவில் யார் இருக்கிறார்களோ அவர்களின் இடம்.

கார் நிறுத்தத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பேராசிரியர் டொனால்டு ஷூப், ஒரு கார் தன் ஆயுளில் 95 விழுக்காடு நேரம் நின்றுகொண்டுதான் இருக்கிறது என்று சொல்லிவந்தார். நின்றுகொண்டிருப்பதற்காகவே வாங்கப்பட்ட ஒரு பொருளுக்கு நகரத்தின் மிகவும் நெருக்கமான பகுதியில் நிலம் ஒதுக்குகிறோம். நின்று நின்று கால் போன மனிதர்களுக்கு ஒதுக்குவதில்லை.

கால் போன மனிதர் என்று பொதுவாகச் சொல்லவில்லை. என் அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பதரைக்கு இறங்குவார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, கல்லாவிலிருந்து பார்த்தால் சோம்பலாகத் தெரியும். மதியம் சாப்பிடும்போது கிடங்கில் துணிக்கட்டின் மேல் உட்காருவார்கள். அதை விட்டால் அன்றைய நாளில் அவர் உட்காருவது இரவு மாம்பலம் ரயில் நிலையத்து நடைமேடை பெஞ்சில்தான். ஆடித் தள்ளுபடி மாதத்தில் அந்தப் பெஞ்சிலும் இடம் இருக்காது. இரண்டு கெண்டைக்கால்களிலும் நரம்புச் சுருட்டல் வந்து, நீல நிறத்தில் கயிறு முறுக்கியதைப் போல இருக்கும். சிறுவயதில் அம்மா அதற்கு எண்ணெய் தடவுவதைப் பார்த்து, பட்டுச் சேலை விற்கிற எல்லா அப்பாக்களுக்கும் கால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தின. நல்ல சட்டம், அப்பா ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து வந்த சட்டம். கடைக்குள் உட்காரும் உரிமையையே எழுதி வைக்க வேண்டியிருந்த ஊரில், தெருவில் உட்காரும் உரிமையைக் கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

இப்போது கேள்விகளுக்கு வருகிறேன், ஏனெனில் பின்னூட்டங்களில் கேள்வி கேட்டவர்களை விடத் தீர்ப்பு எழுதியவர்கள்தான் அதிகம்.

அனுமதி வாங்கினீர்களா என்கிறார்கள். இல்லை. கட்டணம் கட்டினோம், ரசீது இருக்கிறது. வழியில் யாரையும் மறிக்கவில்லை. அந்தத் தெருவில் நடைபாதைமேல் ஏறி நிற்கும் இருசக்கர வண்டிகளில் எத்தனை அனுமதி வாங்கி நிற்கின்றன என்று நீங்கள் எண்ணிச் சொன்ன பிறகு இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்கிறேன்.

வியாபாரம் கெடும் என்கிறார்கள். ஒரு காரில் வருபவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் நான்கு பேர். அந்த ஐம்பது நிமிடத்தில் எங்கள் பாயிலும் நாற்காலியிலும் பதினொரு பேர் உட்கார்ந்து எழுந்தார்கள், நான் எண்ணினேன். பூக்கூடையை இறக்கி வைத்த ஒரு அம்மா, இரண்டு கைகளிலும் துணிப்பைகளோடு வந்து குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்த ஒரு பெண், உணவு எடுத்துச் செல்லும் ஒரு இளைஞர். கடைச் சீருடைப் புடவையில் இரண்டு பெண்கள் வந்து நான்கு நிமிடம் உட்கார்ந்தார்கள். நான்கு நிமிடமும் தங்கள் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்களிடம் எந்தப் பிரிவு என்று மட்டும் கேட்டார். சுடிதார் பிரிவு என்றார்கள். வேறு எதுவும் பேசவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் வண்டி எங்கே நிற்கும், சரக்கு ஏற்றி இறக்கும் வண்டி எங்கே நிற்கும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, அவர்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் என் அப்பாவின் எதிரே வந்து நின்றது சரக்கு வண்டி அன்று.

மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் என்று ஒரு பொறியாளர் எழுதியிருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் நடைபாதை மட்டத்துக்கு மேடை போட்டு, ஓர வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதற்கு அதன் அடியில் வழி விடுகிறார்கள். நம் தெருக்களில் தண்ணீர் தேங்குவதற்குச் செம்பருத்தித் தொட்டிகள் காரணம் என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

இது வெளிநாட்டுப் பைத்தியம், நமக்குத் திண்ணை இருந்தது என்று பெருமை பேசியவர்களுக்கு: இருந்தது, யார் அதில் உட்காரலாம், யார் எட்டி நிற்க வேண்டும் என்ற கணக்கும் கூடவே இருந்தது. எனக்கு அந்தத் திண்ணை வேண்டாம், சாதி கேட்காத தெருப் பெஞ்சு போதும்.

பாரிஸைப் பார் என்று நான் முன்பு எழுதியதைக் கிண்டல் செய்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் 500 தெருக்களை நடப்பவர்களுக்குக் கொடுத்து, அதற்காகச் சுமார் 10,000 கார் நிறுத்துமிடங்களை எடுத்துவிடலாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடத்தினார்கள், ஏறத்தாழ 66 விழுக்காட்டினர் சரி என்றார்கள். வாக்களிக்க வந்தவர்கள் நான்கு விழுக்காடுதானே என்பீர்கள். ஆமாம், நான்குதான். இங்கே யாராவது நம்மிடம் ஒரு முறையேனும் கேட்டிருக்கிறார்களா?

பாண்டி பஜாரில்தான் நடைபாதை வளாகம் இருக்கிறதே, பேராசைக்கு அளவில்லையா என்று கேட்டவர்தான் என்னை மிகவும் சோர்வடையச் செய்தார். இருக்கிறது. 2019 நவம்பரில் திறந்தபோது அப்பாவை முதல் வாரமே அழைத்துப் போனேன், தியாகராய சாலையின் ஓரத்தில் கார் நின்ற இடத்தில் அகலமான நடைபாதையும் இருக்கையும் வந்ததைப் பார்த்து அவர் ஒரு சிறுவனைப் போல மகிழ்ந்தார். பக்கத்திலேயே வண்டிகளுக்கென்று பல அடுக்கு நிறுத்தகமும் கட்டினார்கள். ஆனால் அந்த ஒரு சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே வந்தால் பழைய கதைதான். நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு என்று 2014-இலேயே சென்னை மாநகராட்சி கொள்கை வகுத்தது. நான் கேட்டது அறுபது விழுக்காடு அன்று, ஒரே ஒரு கார் நிற்கும் இடம், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு. பனகல் பூங்காவுக்குப் போகலாமே என்பவர்கள், மெட்ரோ வேலை நடக்கும் அந்தச் சந்திப்பை முழங்கால் வலியோடு ஒரு முறை கடந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. பூங்காவைப் பற்றிப் பேச வந்து அப்பாவின் காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு இவை இரண்டும் வேறு வேறாகத் தெரியவில்லை. அவர் 31 ஆண்டுகள் எந்தத் தெருவுக்கு வந்து போனாரோ அந்தத் தெருவில் அவர் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அந்த ஐம்பது நிமிடத்தைத்தான் நீங்கள் பிச்சை என்று எழுதிப் பகிர்ந்தீர்கள்.

நாங்கள் பாயைச் சுருட்டிய பிறகு அந்தக் கார் அங்கேயே நின்றது. ஓட்டி வந்தவர் பூட்டிவிட்டுப் போனார், நாங்கள் எதிர்ப்பக்கம் ஆட்டோ கிடைக்கும் வரை நின்றுகொண்டே பார்த்தோம், அதுவரை அவர் திரும்பி வரவில்லை. அப்பாவும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

படத்துக்குத் தலைப்புக் கொடுத்த அந்த அன்பர் கடைசியாக ஒரு பின்னூட்டத்தில், உங்கள் 40 ரூபாயை நானே திருப்பித் தருகிறேன், கணக்கு எண் அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார். பணம் வேண்டாம். ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கணக்குப்படி அந்த இடத்தில் எங்களுக்கு இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் பாக்கி இருக்கிறது.