பாக்கி எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள்

"கட்ட வேண்டியதைக் கட்டிட்டு வந்து ஓட்டுப் போடட்டும். இதுல என்ன பெரிய அரசியல் சாசனப் பிரச்சினை?"

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் தண்டனை முடிந்து வந்தவர்கள் நீதிமன்றப் பாக்கியைக் கட்டினால்தான் ஓட்டு என்பது பற்றிய பேச்சு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்த முத்தை உதிர்த்தவர் யார் என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். கைதட்டியவர்கள் யார் யார் என்றும் தெரியும். நான் பதில் சொல்ல எழுந்தால் "வக்கீலம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்று ஒரு சிரிப்பு. சிரித்து முடித்தாயிற்று அல்லவா? இனி கொஞ்சம் படியுங்கள்.

ஃப்ளோரிடாவில் ஃபெலனி, அதாவது கடுங்குற்றத்துக்குத் தண்டனை வாங்கினால் ஆயுசுக்கும் ஓட்டு கிடையாது என்பதுதான் பல தலைமுறைகளாக இருந்த மாநில சாசன விதி. ஆளுநர் தலைமையிலான கருணை வாரியம் மனசு வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இதை 2018 நவம்பரில் மாற்றியது ஏதோ ஒரு கட்சியோ நீதிபதியோ இல்லை, மக்கள். அந்த மாநிலத்தில் சாசனத்தைத் திருத்த 60 சதவீத வாக்கு வேண்டும். வாக்குச்சீட்டில் 'நான்காம் திருத்தம்' என்று வந்த இதற்கு ஆதரவாக விழுந்தது 64.55 சதவீதம், 51 லட்சம் ஓட்டுக்கும் மேல். கொலை, பாலியல் ஃபெலனி இரண்டையும் விலக்கிவிட்டு, மற்றவர்களுக்கு பரோல், நன்னடத்தைக் காலம் உட்பட தண்டனையின் எல்லா நிபந்தனைகளும் முடிந்ததும் உரிமை திரும்பும் என்றது. சுமார் 14 லட்சம் பேருக்குக் கதவு திறந்தது.

2019 மே மாதம் சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றி, ஜூனில் ஆளுநர் கையெழுத்திட்டு, பூட்டு போட்டார்கள். "எல்லா நிபந்தனைகளும்" என்றால் அபராதம், நீதிமன்றக் கட்டணம், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு எல்லாம் சேர்த்தி என்றது அந்தச் சட்டம்.

சரி அண்ணா, கட்டட்டும். எவ்வளவு?

இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்லை. தண்டனை கொடுத்த கவுண்ட்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்ற கிளார்க் அலுவலகத்தில் தீர்ப்பு நகலைத் தேடி எடுக்க வேண்டும். மூன்று கவுண்ட்டியில் வழக்கு என்றால் மூன்று அலுவலகம். வழக்கு பழையது என்றால் அந்தக் காகிதமே கிடைப்பது பெரும்பாடு. தீர்ப்பில் எழுதியிருந்த தொகைதான் கணக்கு, பிறகு ஏறிய வட்டியும் வசூல் கட்டணமும் சேராது என்கிறது சட்டம். ஆனால் கிளார்க்கின் பேரேட்டில் எல்லாம் கலந்துதான் கிடக்கும். 90 நாள் தாண்டிய பாக்கியைத் தனியார் வசூல்காரரிடம் விடலாம், அவர் 40 சதவீதம் வரை கட்டணம் போடலாம். 500 டாலர் விதிக்கப்பட்டவர் 500 டாலரைக் கட்டி முடித்தாலும், அதில் ஒரு பங்கு வசூல்காரருக்குப் போயிருந்தால் பேரேட்டில் பாக்கி நிற்கும். அரசு 2020இல் எடுத்த நிலைப்பாட்டின்படி அவர் ஓட்டுப் போடலாம், கட்டிய ஒவ்வொரு டாலரும் கணக்கில் சேரும். பேரேட்டைப் பார்த்தால் போடக்கூடாது. இழப்பீட்டை நேராகப் பாதிக்கப்பட்டவர் கையில் கொடுத்திருந்தால் அதற்குப் பதிவே இருக்காது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு பேராசிரியரும் ஆய்வு மாணவர்களும் 153 பேரைக் குலுக்கலில் எடுத்துப் பாக்கியைத் தேடினார்கள். மூன்றே பேருக்குத்தான் முரணில்லாத கணக்கு கிடைத்தது. முனைவர் பட்டம் படிக்கிறவர்களுக்கே இந்தக் கதி. "கட்டிட்டு வரட்டும்" என்று காபியை உறிஞ்சிக்கொண்டே சொல்வது ரொம்பச் சுலபம்.

"2017இல் மாநில உச்ச நீதிமன்ற விசாரணையில் திருத்தத்தைக் கொண்டுவந்தவர்களின் வக்கீலே பணமும் சேர்த்தி என்று ஒப்புக்கொண்டாரே?" ஆமாம், ஒப்புக்கொண்டார். 2020 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதில் எனக்குச் சண்டை இல்லை. பாக்கியைச் சொல்லத் தெரியாதவருக்கு வசூலிக்கும் தைரியம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் சண்டை.

"பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் வேண்டாமா?" இழப்பீட்டுக்கு அந்த வாதம் பொருந்தும். ஆனால் வசதியில்லாதவர் தனக்காக வாதாட அரசு தரும் வக்கீலுக்கு விண்ணப்பிக்கவே 50 டாலர், ஃபெலனி என்றால் நீதிமன்றச் செலவு 225 டாலர். இது எந்தப் பாதிக்கப்பட்டவருக்குப் போகிறது? கிளார்க் அலுவலகங்கள் கட்டணத்தில்தான் ஓட வேண்டும் என்று மாநில சாசனமே ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதிவைத்திருக்கிறது. அலுவலகம் நடத்தும் செலவு, அண்ணா.

"இந்தியாவில் என்ன வாழுது?" இதை யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு சிறையில் இருப்பவருக்கு, விசாரணைக் கைதிக்கும் சேர்த்து, ஓட்டை மறுக்கிறது. அதுவும் அநியாயம்தான், தனியாகப் பேசுவோம். ஆனால் வெளியே வந்தவரிடம் வாக்குச்சாவடியில் ரசீது கேட்பதில்லை.

2020 மே மாதம் ஃப்ளோரிடாவிலுள்ள மத்திய அரசு நீதிமன்றத்தின் நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் இதைக் காசு கட்டினால்தான் ஓட்டு என்ற முறை என்றார். அப்போது ஃபெலனி தண்டனை பெற்றவர்களின் 85,000 வாக்காளர் பதிவு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. அரசு பரிசீலித்து முடித்தது பூஜ்யம். இருக்கிற ஆளை வைத்து 2026 தொடக்கம் வரை ஆகும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. செப்டம்பரில் மேல்முறையீட்டில் 6க்கு 4 என்று அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. கவிழ்க்கக்கூடாது என்ற அந்த நாலு நீதிபதிகளுக்கும் நம் கூட்டத்தில் யாராவது "வக்கீலய்யா" என்று பட்டம் கொடுத்திருப்பார்கள்.

கணக்குச் சொல்லத் தெரியாத அதே அரசு 2022 ஆகஸ்டில் 20 பேரைக் கைது செய்ததாக அறிவித்தது. திருத்தம் விலக்கிய பிரிவில் வந்தவர்கள், சரி. ஆனால் அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டை வந்திருந்தது. அட்டை அனுப்புவது அரசு அலுவலகம், கைவிலங்கு போடுவதும் அரசு அலுவலகம். நடுவில் நின்றவர்தான் குற்றவாளி. தகுதி இல்லை என்று தெரிந்தே ஓட்டுப் போட்டால் ஐந்து வருடம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். புதிய ஃபெலனி, புதிய கட்டணம்.

யாருக்காவது நிஜமாகவே தேவைப்பட்டால்: ஃப்ளோரிடாவில் வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 29 நாள் முன்பு. அதற்கு வெகு முன்பே மாநிலத் தேர்தல் பிரிவிடம் எழுத்துமூலம் தகுதிக் கருத்துக் கேளுங்கள், அதை நல்லெண்ணத்தோடு நம்பி ஓட்டுப் போட்டால் சட்டப் பாதுகாப்பு உண்டு. பணம் கட்ட வழியில்லாதவர் தண்டனை கொடுத்த நீதிமன்றத்தில் தொகையைச் சமூக சேவையாக மாற்றக் கேட்கலாம். இழப்பீட்டைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால் அதைப் பெறவேண்டியவரின் சம்மதம் வேண்டும். மனுவில் பாக்கித் தொகையைக் குறிப்பிட வேண்டியிருக்கும். அது எவ்வளவு என்று யாரிடம் கேட்பது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.